புலிகுத்திக்கல்லைப் பார்த்துவிட்டீர்கள், அடுத்து?

கொங்கில் ஊர் வரலாறு எடுக்கிறவருக்குத் துப்புச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆடு மேய்க்கிறவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களும்தான். இப்போது ஜேசிபி ஓட்டுநர்களும் சேர்ந்திருக்கிறார்கள். "கொறங்காட்டு வேலியோரம் ஒரு பொம்மக்கல்லு சாஞ்சு கெடக்குதுங்" என்று ஒருவர் சொன்னால் அது நடுகல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் என்றால் பட்டி மாடுகளைக் காக்கப் புலியோடு மோதிச் செத்தவனுக்கு எடுத்த புலிகுத்திக்கல்லாகவும் இருக்கலாம். போய்ப் பார்த்துப் படமெடுப்பது அரை நாள் வேலை. அந்தக் கல் அதே இடத்தில் அதே பெயரோடு நிற்கும்படி பார்த்துக்கொள்வது வருடக்கணக்கில் இழுக்கும். இங்கே சொல்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலைக்கு உதவுகிற விஷயங்கள்.

மாசி, பங்குனியில் போவது நல்லது. காடு (கொங்கில் விளைநிலத்துக்குப் பெயர்) வெறுமையாக இருக்கும், வேலியோரக் கல்லும் கண்ணில் படும். பானை ஓடு பார்ப்பதற்கு மட்டும் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த வாரம். மண் கழுவிப்போய், கறுப்பு சிவப்பு ஓடுகள் துடைத்து வைத்ததுபோல் மேலே கிடக்கும். நத்தமேடு, பாண்டியங்குழி என்று ஊரார் பெயர் வைத்திருக்கும் இடங்களை விடாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நத்தமேடு பெரும்பாலும் பழைய குடியிருப்பு. பாண்டியங்குழி என்பது கல்வட்டமோ கற்பதுக்கையோ, அதாவது கல் வைத்துக் கட்டிய பழங்கால ஈமக்குழி. ஓட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் தமிழி (பழந்தமிழ்) எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. அவை எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், மணி செய்தபோது விழுந்த எந்தக் கல்கழிவுக்குப் பக்கத்தில் கிடந்தன என்ற குறிப்பு இருப்பதால்தான் அவற்றை வைத்து ஏதாவது சொல்ல முடிகிறது. வீட்டு அலமாரிக்கு வந்த ஓடு அதன் பிறகு ஷோகேஸ் பொருள்தான்.

பையில் இருக்க வேண்டியவை: 3 மீட்டர் டேப், 30 மீட்டர் டேப், 10 செ.மீ. கறுப்பு வெள்ளை அளவுப்பட்டை, திசைகாட்டி, நைலான் பிரஷ் (பழைய டூத்பிரஷ் போதும்), மூங்கில் சீவல், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், நல்ல டார்ச், பென்சில். பேனா வேண்டாம், ஈரக்கையில் மை பரவும். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும்.

எழுத்து இருக்கிறதா என்று தேடும் முன் கல் நிற்கிற இடத்தை எழுதிவிடுங்கள். முகம் எந்தத் திசை, தரைக்கு மேல் எவ்வளவு உயரம், அகலம், கனம். பிறகு நிலையான இரண்டு அடையாளங்களிலிருந்து தூரம்: கிணற்று மேட்டிலிருந்து 42 மீட்டர், இட்டேறி (இரு வேலிக்கு நடுவிலான வண்டிப்பாதை) முக்கிலிருந்து 17 மீட்டர் என்பதுபோல. ஒரே அடையாளம் போதாது. கிணற்றை மூடிவிடுவார்கள், மரத்தை வெட்டிவிடுவார்கள். போன் காட்டும் இடப்புள்ளி புளியமரத்தடியில் பல மீட்டர் தள்ளிக் காட்டும், அதையும் குறித்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். புல எண்ணை (சர்வே நம்பர்) அன்றைக்கே கேட்டு எழுதுங்கள். பின்னால் போடப்போகும் எல்லா மனுவுக்கும் அதுதான் உயிர். கல்லின் அடிப்பகுதி மண்ணுக்குள் இருக்கும், அங்கேதான் எழுத்து இருக்கும் என்று தோன்றும், சில சமயம் இருக்கவும் செய்யும். தோண்டாதீர்கள். கடப்பாரை பட்டு மூலை உடைந்த கற்கள் ஏராளம். அதைவிட, தோண்டுகிற ஆளைப் பார்த்த ஊர் புதையல் என்றுதான் பேசும்.

சிற்பத்தை வார்த்தையில் எழுதப் பழகுங்கள். புலி வீரனுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, பின்னங்காலில் நிற்கிறதா, வால் மேலே வளைந்திருக்கிறதா, வீரன் கையில் ஈட்டியா குறுவாளா, அது புலியின் வாயில் பாய்கிறதா வயிற்றிலா, கொண்டை எந்தப் பக்கம், கூட நாயோ மாடோ உண்டா. பக்கத்தில் பெண்ணுருவம் இருந்து, கை உயர்த்தி வளையல் தெரிந்தால் உடன்கட்டை ஏறியவள். அப்படிப்பட்ட கல்லைத் தீப்பாஞ்சம்மன், வீரமாத்தி, மாலைக்கோயில் என்று கும்பிடுவார்கள். சங்கும் சக்கரமும் மட்டும் உள்ள கல் பெருமாள் கோயில் நிலத்தின் எல்லை, சூலம் மட்டும் உள்ளது சிவன் கோயில் நிலத்தின் எல்லை. இவற்றை நடுகல் என்று எழுதிவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு.

கும்பிடுகிற கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு விரல் கனத்துக்கு ஏறியிருக்கும். பூசாரியிடம் கேட்டு, அவர் கையாலேயே அரப்புத்தூளும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துத் துணியால் தேய்க்கச் சொல்லுங்கள். சாமிக்கு அரப்பு வைப்பது வழக்கத்தில் உள்ளதுதான் என்பதால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை ஆகலாம். சுண்ணாம்புப் பூச்சை மூங்கில் சீவலால் மட்டும், ஓரத்திலிருந்து. எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் தொடாதீர்கள், தின்னர் ஊற்றினால் நிறம் கல்லுக்குள் இறங்கும். கோயில் திருப்பணி என்று பேச்சு அடிபட்டாலே பாலாலயத்துக்கு (வேலை தொடங்கும் முன் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு) முன் ஒரு நடை போய், சுவர் முழுவதையும் படமெடுத்துவிடுங்கள். மணலை வீசிச் சுவர் கழுவும் இயந்திரம் வந்த கோயில்களில் எழுநூறு வருஷ எழுத்து ஒரு பிற்பகலில் தேய்ந்துவிடும். கற்களைப் பிரித்து மறுபடி அடுக்கும்போது வரிசை மாறிவிட்டால் கல்வெட்டு பாதியில் தலைகீழாகும். பிரிக்கும் முன் ஒவ்வொரு கல்லின் பின்புறத்திலும் எண் போடச் சொல்லி ஸ்தபதியிடம் கேட்கலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மங்கிய எழுத்தைப் படிக்க வெளிச்சம்தான் கருவி. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணி, மாலை ஐந்து மணிச் சாய்வெயிலில் பாருங்கள். இல்லாவிட்டால் இருட்டிய பிறகு கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, டார்ச்சைக் கல்லின் பரப்புக்கு ஒட்டினாற்போல் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு படம். மாவு தடவுவதும் சாக்பீஸால் எழுத்தின் மேல் வரைவதும் இன்னும் நடக்கிறது. மாவு எறும்பையும் பூஞ்சணத்தையும் கூட்டி வரும். சாக்பீஸில் வேறொரு கெடுதல்: நீங்கள் 'வ' என்று நினைத்து வரைந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் அது 'வ'தான்.

மைப்படி எடுப்பது, அதாவது கல்லில் தாளை ஒட்டி மை தட்டி எழுத்தை நகலெடுப்பது, வேறு நிதானம். கோயில் என்றால் செயல் அலுவலரிடமும், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் தொல்லியல் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். காகிதம் எழுத்துப்பரப்பைவிட நான்கு பக்கமும் ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும், இரண்டு தாள் வேண்டுமென்றால் நான்கு விரல் மேலேறட்டும். கல்லை நனைத்து, நனைத்த தாளை மேலிருந்து கீழாக ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி பிரஷால் செங்குத்தாகத் தட்ட வேண்டும். இழுத்துத் தேய்த்தால் கிழியும். காற்றுக் குமிழ் இருந்தால் அந்த இடத்தில் எழுத்து வராது. விளக்குக் கரியும் கருவேலம் பிசினும் கலந்த மை தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். பஞ்சு வைத்துத் துணி கட்டிய முட்டியளவு ஒற்றியில் மை தொட்டு, முதலில் பழைய செய்தித்தாளில் நாலு தட்டுத் தட்டுங்கள். சொட்டுப் பட்டால் மை அதிகம்.

எல்லாம் கெடுவது எப்போது மை வைப்பது என்பதில்தான். புறங்கையைத் தாளில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், ஒட்டக் கூடாது. அதற்கு முன் வைத்தால் மை எழுத்துப் பள்ளத்துக்குள் ஓடி எல்லாம் கறுப்பாகும். அதற்குப் பின் வைத்தால் தாள் கல்லைவிட்டு எழும்பி ஒரே எழுத்து இரண்டாகத் தெரியும். பல்லடம், உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் மைப்படிக்குப் போகவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தாளைப் பறித்துக்கொண்டு போகும். மற்ற மாதங்களிலும் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

படிக்கும்போது மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும். பழைய எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வேறுபடாது. ரகரமும் காலும் ஒரே வடிவம், அதனால் 'கர' என்பதா 'கா' என்பதா என்று சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் நகல் கல்லில் உள்ளபடியே இருக்கட்டும், உங்கள் திருத்தம் தனித்தாளில். அறச்சலூர் நாகமலைக் குகைத்தளக் கல்வெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புலவர் செ. இராசு 1960களில் அதை வெளிக்கொண்டுவந்தார். ஐந்தைந்து எழுத்தாக ஐந்து வரியில், இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றுபோல் வரும்படி வெட்டிய இசை எழுத்துக்கள் அவை. பொருள் தெரியவில்லையே என்று யாராவது 'சரிசெய்து' எழுதியிருந்தால் அந்த அமைப்பே காணாமல் போயிருக்கும்.

ஆண்டுக் கணக்குக்கு ஒரு சின்னச் சோதனை. கலியுக ஆண்டிலிருந்து சக ஆண்டைக் கழித்தால் 3179 வர வேண்டும். செப்பேட்டில் கலியுகம் 4902, சகம் 1723, துன்மதி வருடம் என்று மூன்றும் இருந்தால் 4902 கழித்தல் 1723, சரி. சகத்தோடு 78 கூட்டினால் 1801, அது துன்மதிதான், சரி. தை முதல் பங்குனி வரையிலான மாதம் குறிப்பிட்டிருந்தால் ஆங்கில ஆண்டு 1802 ஆகும், இதை மறப்பவர்கள் நிறைய. ௲௭௱௨௰௩ என்று எழுதியிருந்தாலும் அதே 1723தான். மூன்று கணக்கும் முட்டிக்கொண்டால் வெட்டியவன் தவறியிருக்கலாம். அந்த ஏடு பிற்காலத்தில் 'தயாரித்தது' என்றும் சந்தேகப்படலாம்.

தயாரித்த செப்பேடுகள் உண்டு என்பதைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. எங்கள் குலத்துக்குத்தான் முதல் காணி (ஊர் நில உரிமை), முதல் மரியாதை என்று நிறுவ ஒரு பட்டயம் வேண்டும் என்று வருகிறவர்கள் நல்ல மனிதர்களாகவே இருப்பார்கள். வண்டி அனுப்புவார்கள், நூல் அச்சிடப் பணமும் தருவார்கள். பணம் வாங்கும் முன்பே 'ஏட்டில் உள்ளதைத்தான் எழுதுவேன்' என்று சொல்லிவிடுவது மேல். பிறகு சொன்னால் பகைதான். உடுக்கை அடித்துப் பாடும் உடுக்கடிக் கதைகளிலும் அதே எச்சரிக்கை. ஊருக்கு ஊர் கதை மாறும், எந்தச் சாதி யாரைக் கொன்றது என்பதும் மாறும். 'இன்ன ஊரில், இன்ன நாளில், இப்படிப் பாடினார்கள்' என்று எழுதுங்கள்.

வாய்மொழி எடுக்கப் பெரிய வீட்டுத் திண்ணையோடு நிற்காதீர்கள். பறை அடிப்பவர், சலவைக்காரர், முடிதிருத்துபவர், கோயில் பண்டாரம் ஆகியோருக்கு எந்த வீட்டுக்கு எந்த முறை என்பது மனப்பாடம். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். வாக்கப்பட்டு வந்தவர் தலையில் பிறந்த ஊர், வந்த ஊர் என்று இரண்டு ஊர் வரலாறு இருக்கும். பிற்பகல் மூன்று மணி, மாட்டுக்குத் தண்ணி காட்டும் முன் நல்ல நேரம். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, தேதி, ஊர், பெயர் முதலில் பதிவாகட்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். 'எந்த வருஷம்' என்ற கேள்வியால் பயனில்லை.

"ஆத்தா, நீங்க இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தது எப்பங்க?"

"அதாரு கண்ணு கணக்கு வெச்சா? பவானிசாகர்ல வேல நடந்துட்டிருந்துது. எங்கய்யன் அங்க மண்ணு செமக்கப் போயிருந்தாரு. கண்ணாலத்துக்கு மொத நாத்தான் வந்தாரு."

அணை வேலை 1948 முதல் 1955 வரை நடந்தது. இனி அந்த ஏழு வருடத்துக்குள் சுருக்க வேண்டியதுதான்: மூத்த பிள்ளை இப்போது எத்தனை வயது, அணையில் தண்ணீர் நின்றபோது கையில் குழந்தை இருந்ததா. இதுபோல் தாது வருசப் பஞ்சம் 1876–78, சூலூர் விமானதளம் எரிந்தது 1942, பெருமாநல்லூர்த் துப்பாக்கிச்சூடு 1970 என்று ஒரு பட்டியல் நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கட்டும். 'கரண்ட் வந்த வருசம்' மட்டும் ஊருக்கு ஊர் மாறும், பைக்காரா மின்சாரம் 1930களில் வந்தது என்று எல்லா ஊருக்கும் போட்டுவிடக் கூடாது.

காகிதம் தேடும்போது ஊர் இன்றைக்கு எந்த மாவட்டம் என்பதை மறந்துவிடுங்கள். கரூர் 1910 வரை கோயமுத்தூர் மாவட்டம். கொள்ளேகால் 1956இல் மைசூர் மாநிலத்துக்குப் போனது. ஈரோடு 1979இல் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது, திருப்பூர் 2009இல். காங்கேயம் வட்டத்து ஊர் என்றால் ஒரே நிலத்தின் காகிதம் கோவை, ஈரோடு, திருப்பூர் என்று மூன்று இடத்தில் சிதறியிருக்கலாம், பழையது சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில். மறு நில அளவையில் புல எண்ணும் மாறியிருக்கும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று முதலில் கேட்காமல் எந்த நகலும் வாங்காதீர்கள், வேறு யாருடைய தோட்டத்தின் வரலாறோ கையில் வரும். நிலம் பட்டாவா புறம்போக்கா என்பதை கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் பாருங்கள். பாறைப் புறம்போக்கு என்று இருந்தால் கல்குவாரி ஏலம் ஒரு நாள் வரும் என்று எண்ணிக்கொள்ளலாம். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்துக்கு மட்டும்தான் 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்ற 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பொருந்தும். வேலியோர நடுகல்லுக்கு அந்தக் காப்பு கிடையாது.

அதற்கு ஊர்தான் காப்பு. அதனால் கண்டுபிடித்த செய்தி முதலில் பத்திரிகைக்குப் போகக் கூடாது. செய்தி வந்த அடுத்த வாரம் புதையல் தோண்டுகிறவர்கள் வந்த இடங்கள் உண்டு. முதலில் காட்டுக்காரர், பிறகு பூசாரி, பிறகு ஊர்க்கூட்டம். 'கல்லு இருக்குதுன்னு எழுதுனா கவருமெண்டு காட்ட எடுத்துக்குமா?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நடுகல் இருக்கிறது என்பதற்காகப் பட்டா போகாது. அதே மூச்சில், மண்ணுக்குள்ளிருந்து காசோ சிலையோ கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதி உண்மை சொன்னால் அடுத்த முறை கேட்டைத் திறக்கமாட்டார்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களில் ஒன்றில் தீர்மானம் போட வைக்க வேண்டும். பத்து நாள் முன்பே ஊராட்சித் தலைவரிடம் எழுத்தில் கொடுத்தால் கூட்டப் பொருளில் சேர்ப்பார்கள். அன்றைக்குப் போய் எழுந்து பேசினால் கைதட்டலோடு முடிந்துவிடும். வாசகமும் நீங்களே எழுதிக் கொடுங்கள்: "இக்கிராமம் புல எண் ___இல் உள்ள 4 அடி உயரப் புலிகுத்திக்கல்லை அதே இடத்தில் பாதுகாப்பது எனவும், சாலை, குடிநீர்க் குழாய்ப் பணிகளுக்காக அதைத் தொடும் முன் ஊராட்சிக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் எனவும் தீர்மானிக்கப்படுகிறது." தீர்மான நோட்டின் அந்தப் பக்கத்தை நகல் வாங்கி, மூன்று படமும் புலப்படமும் சேர்த்துத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ரசீது எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, முப்பது நாள். அதில் 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'இன்ன ரசீது எண் மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் தருக' என்று கேட்டால் கிடைக்கும்.

சாலை அகலப்படுத்தும்போது சில கற்களை நகர்த்தித்தான் ஆக வேண்டியிருக்கும். 1 மீட்டர் உயரம், 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. கனமுள்ள கருங்கல் முந்நூறு கிலோவைத் தாண்டும். சங்கிலி போட்டால் ஓரம் பிசிறும். நைலான் பெல்ட், அடியில் பழைய டயர் டியூப், சாக்கு, வண்டியில் வைக்கோல் மெத்தை, சிற்பம் மேலே பார்க்க மல்லாத்தி. தூக்கும் முன் வடக்குப் பக்கம் எது என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். புது இடத்தில் முன்பு புதைந்திருந்த அளவுக்கே புதைத்து, சுற்றிலும் ஜல்லியும் மணலும் இறுக்கினால் போதும். சிமென்ட் கான்கிரீட் போட்டால் உப்பும் ஈரமும் கல்லுக்குள் ஏறி, சில வருடங்களில் அடிப்பகுதி தோல் தோலாக உரியும். டைல்ஸ் ஒட்டி மேடை கட்டித் தருகிறேன் என்று ஆர்வத்தோடு ஒருவர் வருவார். அவரைச் சமாளிப்பது அரசு அலுவலகத்தைச் சமாளிப்பதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அவர் அன்போடு வருகிறார். மேற்கூரைக்கும் சுற்றுவேலிக்கும் பணம் தரச் சொல்லித் திருப்பிவிடுங்கள்.

கடைசியாகச் சேர்த்து வைத்த காகிதங்கள். பழைய பத்திரங்களை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் தாளும் மையும் கெடும், பிறகு பிரிக்க முடியாது. துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஓலைச்சுவடிக்குப் புல்தைலம். படக் கோப்புகளுக்குத் தேதி, வட்டம், ஊர், வரிசை எண் என்ற முறையில் பெயர் வையுங்கள், கேமரா போட்ட எண்ணோடு விட்டால் இரண்டு வருடத்தில் உங்களுக்கே தெரியாது. ஒரு படி ஊர் நூலகத்தில், ஒரு படி கல்லூரி வரலாற்றுத் துறையிலோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ, ஒரு படி வீட்டில். நாற்பது வருடம் எழுதிய நோட்டுகள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பழைய பேப்பர்க் கடைக்குப் போவது சாதாரணமாக நடக்கிறது. ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் 'இது இன்னாரிடம் சேர வேண்டும்' என்று எழுதி, அதை வீட்டில் இருப்பவர்களிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பதையும்.